எந்தப் பக்கம் திரும்பும்

ஜெயலக்ஷ்மிக்கும் மெஷின்களுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. சித்திரைக்குளத்துப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டில் மிக்ஸி ஓடும்போது மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். கல்யாணத்துக்கு வந்த தையல் மெஷினில் ஒரே ஒரு தரம் உட்கார்ந்தாள். மிதித்தால் சக்கரம் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போய் நூல் சிக்கிக்கொண்டது. அதன்பிறகு அது இஸ்திரித் துணி வைக்கும் மேஜையாகிவிட்டது.

ஆனால் கணக்கு என்றால் ஆள் வேறு. எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு. மேலே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த வருஷமே கல்யாணம் ஆயிற்று, பிறகு அது அப்படியே நின்றுபோயிற்று. யாரும் தடுக்கவில்லை. கணவர் குருபிரசாத் வங்கியில் அதிகாரி, சாது. "வேணும்னா போயேன், ஜெயா" என்றுதான் சொன்னார். அவளுக்குத்தான் வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. தெரியாமலே சில வருஷங்கள் போயின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையைச் சுற்றிப் புதிது புதிதாகத் தனியார் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. பெருங்குடியைத் தாண்டி, மகாபலிபுரம் போகும் பழைய சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு கல்லூரி வந்தது. அங்கே கணக்கு சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. லஸ் முனையிலிருந்தே கல்லூரி பஸ் கிளம்பும். ஜெயலக்ஷ்மி சேர்ந்தாள். முதல் இரண்டு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை.

தொண்ணூற்று நாலில் ஒரு நாள் மெக்கானிகல் துறைத் தலைவர் ஸ்ரீரங்கன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அரசாங்க பாலிடெக்னிக்கில் ஓய்வு பெற்று வந்தவர். மேஜைமேல் ஒரு கனமான புத்தகம் இருந்தது.

"உக்காருங்கோம்மா. நம்ம டிபார்ட்மென்ட்ல தியரி ஆஃப் மெஷின்ஸ் எடுத்துண்டிருந்த பையன் மஸ்கட்டுக்குப் போயிட்டான். பாதி வருஷத்துல நான் யாரைத் தேடறது? நீங்க எடுத்துக்கோங்கோ."

"சார், நான் கணக்கு. எனக்கு மெஷின்னா ஒண்ணுமே தெரியாது."

"இதுல மெஷின் எங்கேம்மா இருக்கு? ஒரு பட்டை அசைஞ்சா அடுத்த பட்டை எவ்வளவு அசையும், எவ்வளவு வேகத்துல அசையும், அவ்வளவுதான். எல்லாம் வெக்டர். உங்களுக்குத் தெரியாத வெக்டரா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கும் முன்பே புத்தகம் அவள் கைக்கு வந்துவிட்டது.

அன்று முதல் அவளுடைய குழப்பம் ஆரம்பித்தது. கணக்கு வந்தது, விடையும் புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. ஆனால் அந்த விடை எதைப் பற்றியது என்பதுதான் தெரியவில்லை. படத்தில் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்திருக்கும். நிஜத்தில் அது இரும்பு, அது சுற்றுகிறது, இன்னொன்றைத் தள்ளுகிறது என்று படித்தாலும் மனசுக்குள் கோடு கோடாகவே நின்றது. மழைக்காலத்தில் கல்லூரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கும் இரண்டு வைப்பர்களையும் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு மோட்டார் இரண்டையும் எப்படி ஆட்டுகிறது? டிரைவர் வேம்பு ஒரு நாள் திருவான்மியூர் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, "மேடம், மழை நின்னு ரொம்ப நேரம் ஆச்சு. நீங்க பாத்துக்கினு இருக்கீங்களேன்னு தான் ஓடவிட்டேன். நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

வகுப்பில் சங்கடம் வந்தது ஒரு எளிய கணக்கில். நாலு பட்டைகளை முனைக்கு முனை மடங்கும்படி ஆணியடித்துக் கோத்தால் ஒரு சட்டம் மாதிரி வரும். அடிப் பட்டை அசையாது. இடது பட்டையை ஒரு கோணத்துக்குத் திருப்பினால் வலது பட்டை எந்தக் கோணத்தில் நிற்கும்? ஜெயலக்ஷ்மி கரும்பலகையில் பெரிய காம்பஸை வைத்து, மேல் பட்டையின் நீளத்துக்கு ஒன்று, வலது பட்டையின் நீளத்துக்கு ஒன்று என்று இரண்டு வில் வரைந்தாள். இரண்டும் வெட்டும் இடத்தில்தான் மேல் பட்டையும் வலது பட்டையும் சேரும். வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டுமே! மேலே இருந்த புள்ளி கரும்பலகையின் விளிம்பைத் தாண்டிப் போனதால், கீழே வெட்டிய புள்ளியை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்தாள்.

"மேடம், ஆன்ஸர் வேற" என்றான் அஸ்வின். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன், எதையும் சட்டென்று கேட்டுவிடுபவன். "புக்ல எழுபத்திரெண்டு டிகிரி. நீங்க அடிப் பட்டைக்குக் கீழ போயிட்டீங்க."

அவள் திரும்பவும் போட்டாள். அதே விடை. படத்தைச் சிறிதாக்கி மேல் புள்ளியை வைத்துப் போட்டாள். புத்தக விடை. எதிலும் பிழை இல்லை.

"ரெண்டுமே சரிதான்" என்றாள் தயக்கத்தோடு.

"அதெப்படி மேடம்? பட்டை ஒண்ணுதானே இருக்கு. அது ரெண்டு இடத்துல நிக்குமா?"

கணக்கு வகுப்பில் இப்படி நடந்ததில்லை. இரண்டு விடை வந்தால் இரண்டையும் எழுதிவிட்டுப் போவார்கள். எங்கே நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்று சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

ஸ்ரீரங்கனிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "கொஸ்டின் பேப்பர்ல படம் போட்டிருக்கும்மா. படத்துல எப்படி இருக்கோ அப்படிப் போட்டா மார்க். அந்த இன்னொண்ணை யாரும் கேக்கமாட்டா."

"ஆனா அது எங்க சார் போறது?"

"எது?"

"இன்னொரு விடை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது போகலை. யாரும் எடுத்துக்கலை, அவ்வளவுதான்" என்றார். சொன்னது அவருக்கே திருப்தியாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பட்டை பட்டையாக வெட்டி, பின் குத்தி, சமையலறை மேடைமேல் வைத்துச் சுற்றிப் பார்த்தாள். அட்டை மடங்கிற்று. குருபிரசாத் காபித் தம்ளரோடு வந்து நின்றார்.

"என்ன ஜெயா இது, கொலுவுக்கா?"

"ஏன்னா, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ. இந்த முனையை விட்டுடாதேங்கோ. இப்போ இது மேல போறதா, கீழ போறதா?"

"நீ எங்க தள்ளறயோ அங்க போறது."

"நான் இந்தப் பட்டையைத் தொடவே இல்லையே."

அவர் மடங்கிய பட்டையை விரலால் நிமிர்த்தினார். "அட்டை சரியில்லை. இரும்புல பண்ணச் சொல்லேன்" என்று சொல்லிவிட்டு ஹிந்துவோடு உட்கார்ந்துவிட்டார்.

அப்படித்தான் அவள் அன்வர் பாஷாவின் லேத்துப் பட்டறைக்குப் போனாள். ராயப்பேட்டையில் மணிக்கூண்டுக்குப் பின்பக்கச் சந்தில், மோட்டார் ஒயிண்டிங் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்தது அது. பாஷாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கல்லூரிகளுக்கு மாடல் செய்து கொடுத்துப் பழக்கம் என்று ஸ்ரீரங்கன்தான் அனுப்பினார். அவருக்கும் ஒரு காரியம் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வரப்போகிறது, ஆய்வகத்தில் பொருள் போதாது. "எது பண்ணினாலும் பெரிசா, பாக்க நன்னா இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார்.

ஜெயலக்ஷ்மி இருப்பதிலேயே எளியதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு தேக்குப் பலகையில் ஒரே அளவில் இரண்டு இரும்புச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு ஆணி. இரண்டு ஆணிகளையும் ஒரு நீளப் பட்டை சேர்க்கும். ரயில் எஞ்சின் சக்கரங்களைச் சேர்த்திருக்குமே, அந்த மாதிரி. இடது சக்கரத்தைச் சுற்றினால் வலதும் கூடவே சுற்றவேண்டும். இதில் குழப்பம் வர வழியே இல்லை என்று நினைத்தாள்.

பாஷா அழகாகச் செய்திருந்தார். சக்கரத்துக்குப் பச்சைப் பெயின்ட், பட்டைக்குச் சிவப்பு. கைப்பிடியைப் பிடித்து நாலு சுற்று சுற்றிக் காட்டினார். இரண்டு சக்கரமும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்து சுற்றின.

"நீங்க சுத்துங்க டீச்சரம்மா."

அவள் மெதுவாகச் சுற்றினாள். அரைச் சுற்று வந்தது. பட்டையும் இரண்டு அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்ற இடத்தில் லேசாக ஒரு தயக்கம் தெரிந்தது. அவள் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். வலது சக்கரம் பின்னால் திரும்பிற்று. இடது ஒரு பக்கம், வலது எதிர்ப்பக்கம், சிவப்புப் பட்டை இரண்டுக்கும் குறுக்கே சாய்ந்து கிடந்தது.

பாஷாவின் முகம் மாறிவிட்டது. "இது இன்னா இது" என்று கிட்டே வந்து அவரே சுற்றினார். ஒழுங்காகச் சுற்றியது. திரும்பத் திரும்பச் சுற்றினார், ஒழுங்காகவே சுற்றியது. அவள் தொட்டாள், மறுபடி திரும்பிக்கொண்டது.

"நான் சுத்தினா நல்லாத்தான் கீது. நீங்க கைய வச்சாத்தான் கோணிக்கினு போவுது."

"நான் ஒண்ணும் பண்ணலையே பாய்."

"பண்ணலன்னு தான் நானும் சொல்றேன். ஓட்டையில லூஸு இருக்கும். ரெண்டு நாள் குடுங்க, புஷ் மாத்திட்றேன்."

இரண்டு நாள் கழித்துப் போனபோது துளைகளுக்குப் பித்தளை வளையம் போட்டு இறுக்கியிருந்தார். ஆட்டமே இல்லை. இருந்தும் அவள் கைக்கு வலது சக்கரம் ஒரு தரம் கூடவே வந்தது, மறு தரம் பின்னால் போனது. பாஷா பலகையை நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், எண்ணெய் விட்டார். தன் வேலையில்தான் ஏதோ பிசகு என்று அவருக்கு ஒரே வேதனை. தன் கணக்கில்தான் ஏதோ விட்டுப்போயிற்று என்று அவளுக்கு. இரண்டு பேரும் அந்தப் பச்சைச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

மறுநாள் கல்லூரி பஸ்ஸில் திரும்பி வரும்போது, அடையாறு பாலம் தாண்டுகையில் அவளுக்கு ஒன்று தோன்றிற்று. இரண்டு வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும். ஆனால் பட்டை நேர்கோட்டில் வரும் அந்தக் கணத்தில் இரண்டு வெட்டுப் புள்ளிகளும் ஒன்றாகிவிடும், வட்டங்கள் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். அதைத் தாண்டியதும் மறுபடி இரண்டாகப் பிரியும். அப்படியானால் காணாமல் போன இன்னொரு விடை எங்கும் போகவில்லை. சக்கரம் அந்த இடத்துக்கு வரும்போது இரண்டு வழியும் திறந்திருக்கிறது. எந்த வழியில் போகவேண்டும் என்று சக்கரத்துக்கே தெரியாது.

இது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அடுத்த கேள்வி வந்துவிட்டது. சக்கரத்துக்குத் தெரியாதென்றால் பாஷா சுற்றும்போது மட்டும் எப்படி எப்போதும் சரியாகப் போகிறது? அவர் வேகமாகச் சுற்றினார், சரி. ஓடுகிற வேகத்தில் வலது சக்கரம் தானாகவே அந்த இடத்தைக் கடந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் போட்ட கணக்கில் வேகம் என்று ஒன்றே கிடையாதே. நீளமும் கோணமும் மட்டும்தானே. அப்படியானால் இத்தனை நாள் போட்ட கணக்கு எதைச் சொன்னது?

ஆய்வுக்குழு வந்த அன்று மாடலை ஆய்வகத்தில் நடுநாயகமாக வைத்திருந்தார்கள். ஜெயலக்ஷ்மி ஸ்ரீரங்கனிடம் முன்பே சொல்லிவிட்டாள், இது சில சமயம் திரும்பிக்கொள்ளும் என்று. "வேகமா சுத்துங்கோ, போறும்" என்றார் அவர்.

குழுவில் வந்த பேராசிரியர் யாருடைய உதவியையும் எதிர்பார்க்காமல் தானே கைப்பிடியைப் பிடித்தார். வயதானவர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். மெதுவாகச் சுற்றினார். வலது சக்கரம் பின்னால் திரும்பிற்று.

"ரிப்பேரா இருக்கா?" என்றார்.

"ஆமா சார், நேத்துதான் வந்தது, சரி பண்ணக் குடுக்கணும்" என்றார் ஸ்ரீரங்கன் அவசரமாக.

"இல்ல சார்." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது ஜெயலக்ஷ்மிக்கு. "ரிப்பேர் இல்லை. அந்த இடத்துல அதுக்கு ரெண்டு வழி இருக்கு. எதுல வேணும்னாலும் போகலாம். திரும்பச் சுத்துங்கோ, இந்தத் தரம் நேராப் போனாலும் போகும்."

பேராசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் சுற்றினார். நேராகப் போயிற்று. இன்னும் பல தரம் சுற்றினார். எல்லாத் தரமும் நேராகவே போயிற்று. இப்போது திரும்பினால்தான் அவள் சொன்னது உண்மையென்று ஆகும் என்ற நேரத்தில், சக்கரம் பரம சாதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பிடியை அவளிடம் கொடுத்தார். அவளுக்கும் திரும்பவில்லை.

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்டும்மா?"

"கணக்கு, சார்."

அவர் தலையை ஆட்டினார். அது பாராட்டா, பரிதாபமா, அவளுக்கு விளங்கவில்லை. குழு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டது.

ஸ்ரீரங்கன் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் கூப்பிட்டு, "ரயில் எஞ்சின்ல இது திரும்பறதில்லையே, ஏன்னு யோசிச்சேளா?" என்று கேட்டார். அவள் யோசித்திருக்கவில்லை. "எஞ்சினோட மறு பக்கத்துச் சக்கரத்துல ஆணியைக் கால் சுத்து தள்ளி வெச்சிருப்பான். இந்தப் பக்கம் முழிச்சுண்டு நிக்கும்போது அந்தப் பக்கம் இழுத்துண்டு போயிடும். நமக்கு அதெல்லாம் வேண்டாம். மூணாவதா ஒரு சக்கரம் போடச் சொல்லுங்கோ, மேல தள்ளி."

பாஷா மூன்றாவது சக்கரம் செய்தார். நீளப் பட்டைக்குப் பதிலாக முக்கோணத் தகடு, மூன்று மூலையிலும் துளை, மூன்று சக்கரத்தின் ஆணியும் அதில். முதல் நாள் அது அசையவே இல்லை. சிமெண்ட்டில் பதித்த மாதிரி நின்றது. பாஷா ஒரு துளையை அரத்தால் கொஞ்சம் ராவினார், போட்டார், கழற்றினார், இன்னும் கொஞ்சம் ராவினார். மாலையில் அது சுற்றிற்று. வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் மூன்று சக்கரங்களும் ஒரே பக்கம் போயின.

"இப்ப சுத்துங்க டீச்சரம்மா, எவ்ளோ வேணா சுத்துங்க" என்று பாஷா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அன்றுதான் சிரிப்பு வந்தது.

ஜெயலக்ஷ்மியும் சிரித்தாள். வழியில் காய் வாங்கினாள். வீட்டுக்குப் போய்ச் சாதம் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புத்தகத்தில் ஒரு சூத்திரம் உண்டு. பகுதிகள் எத்தனை, இணைப்புகள் எத்தனை என்று எண்ணிப் போட்டால் அந்த அமைப்பு அசையுமா அசையாதா என்று சொல்லிவிடும். விடை ஒன்று வந்தால் சுற்றும். பூஜ்யம் வந்தால் ஜன்னல் சட்டம் மாதிரி அப்படியே நிற்கும். பலகை, மூன்று சக்கரங்கள், தகடு. அச்சு மூன்று, ஆணி மூன்று, ஆக ஆறு இணைப்புகள். போட்டாள்.

பூஜ்யம் வந்தது.

தப்பாக எண்ணிவிட்டோமென்று மறுபடி எண்ணினாள். குக்கர் விசில் அடித்தது. மறுபடி பூஜ்யம். சாயங்காலம் தன் கையால் சுற்றிவிட்டு வந்த பொருள் சுற்றவே முடியாது என்று சூத்திரம் சொல்லிற்று.

"ஏன்னா" என்று கூடத்துக்கு வந்தாள். "சுத்தாதுன்னு கணக்குல வரது. ஆனா சுத்தறது."

குருபிரசாத் செய்தித்தாளை மடித்தார். "எது சுத்தறது?"

அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பாதியில் புரியாமல் போய்விட்டது என்று தெரிந்தும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "உனக்கு இது பிடிச்சிருக்கா, கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். ஆராய்ச்சியை விட்டபோதுகூட அவர் அப்படிக் கேட்டதில்லை. அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று யோசித்தாள். சாதம் குழைந்துவிட்டது.

வகுப்பில் அந்த மாடலை வைத்து நடந்ததை அப்படியே சொன்னாள். மூன்று சக்கரங்களும் தகடும் ஒன்றுக்கொன்று மிகச் சரியாகச் சமமாக இருப்பதால்தான் சுற்றுகிறது, மயிரிழை பிசகினால் சூத்திரம் சொன்னபடி நின்றுவிடும் என்று இதற்குள் அவளே ஒருவாறு கண்டுபிடித்திருந்தாள். ஆனால் இரும்பில் மிகச் சரியான சமம் என்று ஒன்று உண்டா? பாஷா ராவியதால் துளைகளில் வந்த துளித் தளர்ச்சிதானே அதைச் சுற்றவைக்கிறது? அப்படியென்றால் சுற்றுவது சமத்தினாலா, பிசகினாலா? இதையும் சொன்னாள். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அஸ்வின் கையைத் தூக்கினான். "மேடம், எக்ஸாம்ல வந்தா என்ன எழுதணும்?"

"பூஜ்யம்னு எழுதுங்கோ. கீழ, ஆனா சுத்தும்னு எழுதுங்கோ."

"மார்க் குடுப்பாங்களா?"

"தெரியலை" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இப்போது கூச்சமாக இல்லை.

அந்த வருஷம் அந்தப் பாடத்தில் அவள் வகுப்பு ரொம்ப நன்றாகவும் தேறவில்லை, மோசமாகவும் போகவில்லை. மற்ற வருஷங்களைப் போலத்தான். அவள் சொல்லிக்கொடுத்ததால் யாருக்காவது நல்லதா கெட்டதா என்பதை மார்க்கை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருஷம் ஜூனில் முறையாக எம்.இ. படித்த ஒருவர் மெக்கானிகல் துறைக்கு வந்து சேர்ந்தார். ஸ்ரீரங்கன் ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டு, "உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன். இனிமே நிம்மதியா உங்க கணக்கைப் பாத்துக்கோங்கோ. இந்தப் புத்தகத்தை அவர்ட்ட குடுத்துடலாம்" என்றார்.

"இருக்கட்டும் சார், இந்தப் பாடத்தை நானே எடுக்கறேன்" என்றாள் அவள்.

அவர் வியப்போடு பார்த்தார். "புரியறதா இப்போ எல்லாம்?"

"இல்லை சார்."

"பின்னே?"

அவள் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவரும் வற்புறுத்தவில்லை, டைம்டேபிளில் அவள் பெயரை அப்படியே விட்டுவிட்டார். தொண்ணூறுகள் முடியும்வரை அந்த வகுப்பு அவளுடையதாகவே இருந்தது. புது லெக்சரர் ஆட்டோமொபைல் எடுத்துக்கொண்டார்.

புத்தகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்ட அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் புத்தகத்தைத் திறந்து, போன வருஷம் நேரம் இல்லாமல் விட்டுப்போன அத்தியாயத்தை எடுத்தாள். கைரோஸ்கோப். வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் அச்சை ஒரு பக்கம் தள்ளினால், அது தள்ளிய பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்பும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. இரண்டு தரம் படித்தாள். அச்சுப்பிழையாக இருக்கும் என்று தோன்றிற்று.